இல்லையென்று சொன்ன கோட்டு

வெள்ளத்துக்காக வந்த துணிகளிலிருந்து ஒரு கோட்டை நான் எடுத்தேன். எடுத்தேன் என்று இப்போதுதான் எழுத முடிகிறது. முதல் சில மாதங்கள் மனசுக்குள்கூட வேறு சொற்களை வைத்திருந்தேன். ஒதுக்கி வைத்தேன், வீணாகப் போகாமல் பார்த்துக்கொண்டேன் என்றெல்லாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை அடுத்தவளின் ஜாமெட்ரி பாக்ஸை இப்படி ‘ஒதுக்கி’ வைத்திருந்தால் நான் என்ன கேள்வி கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அந்த மார்கழியில் ராத்திரி பகலாக மழை பெய்து ஆறு கரையை மீறியபோது, எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை, இரண்டு நாள் பால் வரவில்லை. எங்களுக்கு வெள்ளம் என்றால் அவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய ஆற்றங்கரைத் தெருக்களில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு கிடந்தது.

எங்கள் பள்ளியின் கூட்ட அரங்கில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நிவாரணப் பொருள்களைச் சேர்த்தார்கள். பள்ளிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முதல் நாளே தன் கடையிலிருந்து பத்து மூட்டை அரிசியை இறக்கிவிட்டு, கணக்குப் பார்க்காமல் நின்றார். அதனால் யாரும் சொல்லாமலே அவர்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது. டோக்கன் எழுதுவதும் துணி பிரிப்பதும் என் வேலை. எந்தெந்தத் தெருவுக்கு என்ன வேண்டும், பெண்களுக்கு நைட்டி எத்தனை, பிள்ளைகளுக்கு உள்ளாடை எத்தனை என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் செய்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் அண்ணாச்சி என்னிடம் வந்து, “டீச்சர், உதவி செய்ய வந்த ஆளுக ஒரு கைக்குட்டையக்கூட எடுத்துட்டுப் போகப்பிடாது. அப்புறம் ஒரு சொல்லு வந்துரும். நீங்க போர்டுல எழுதிப் போட்டுருங்க” என்றார். அரங்கின் ஓரத்தில் இருந்த கரும்பலகையில் நான்தான் அதை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அன்று சாயங்காலமே பள்ளி ஆயாம்மா, பெருக்கிக்கொண்டிருந்தவள், ஒரு ஆரஞ்சு வண்ணச் சேலையை மடித்து வாளிக்குள் வைத்து மேலே துடைப்பத் துணியைப் போட்டதை நான் பார்த்துவிட்டேன்.

“என்ன ஆயாம்மா அது?”

அவள் மறைக்கவில்லை. “எம் மவளுக்கு டீச்சர். அவ வீட்டுலயும் தண்ணிதான். உடுத்த சேலையோட நிக்கா.”

“அப்பம் அவங்களை டோக்கன் வாங்கி வரிசையில வரச் சொல்லுங்க. நம்மளே எடுத்தா நல்லாவா இருக்கு?”

ஏழெட்டுப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவள் “சரி டீச்சர்” என்று சேலையை எடுத்து, தட்டி, மறுபடி ஒழுங்காக மடித்து, எடுத்த குவியலிலேயே வைத்துவிட்டுப் பெருக்கப் போனாள். வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் வடக்கே இருந்து ஒரு லாரி வந்தது. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து அனுப்பியிருந்தார்கள். சாக்கைப் பிரித்ததும் அந்துருண்டை வாசம் அரங்கு முழுக்கப் பரவியது. உள்ளே ஸ்வெட்டர்கள், குல்லாய்கள், கம்பளிக் காலுறைகள். அடியில் பத்துப் பன்னிரண்டு குளிர்க்கோட்டுகள்.

அண்ணாச்சி ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “யாருவே நம்ம ஊருக்குக் கோட்டு அனுப்புனது? ஆனித் தேருக்குப் போட்டுட்டு வடம் பிடிக்கவா?” என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அத்தனை நாளில் அந்த அரங்கில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிறகு அவரே, “இதக் கழிச்சிப் போட்டுராதீக டீச்சர். மணிமுத்தாறுக்கு மேல தேயிலை எஸ்டேட்டுல குளிருல கெடக்குத சனத்துக்கு உதவும். வேன் ஒண்ணு சொல்லி வைக்கேன்” என்றார்.

ஸ்வெட்டர்களில் பிள்ளைகளுடையதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு, பெரிய ஸ்வெட்டர்களையும் கோட்டுகளையும் வேனுக்கென்று ஒரு மூலையில் அடுக்கினேன். அப்போதுதான் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தேன்.

கரும்பச்சை. முழங்கால் வரை நீளம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, தலையை மூடுகிற தொப்பியின் விளிம்பில் ரோமம் வைத்தது. சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறையோடு வந்திருந்தது. ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை. யாரோ தனக்குப் பிடித்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பழைய துணியைக் கழித்துவிடுகிறவர்கள் சலவைக்குப் போட்டு அனுப்ப மாட்டார்கள்.

என் மகள் ஜனவரி இரண்டாம் வாரம் கனடாவுக்குப் படிக்கப் போவதாக இருந்தது. கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலில் முதலில் இருந்தது குளிர்க்கோட்டு. திருநெல்வேலிக் கடைகளில் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் மெல்லிய ஜெர்கின்தான் கிடைக்கும். சென்னைக்குப் போய் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் அவள் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். அதற்கான பணமும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. இதை இங்கே சொல்லியாக வேண்டும். வழியில்லாமல் நான் அதை எடுக்கவில்லை.

லாரி வந்த மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட்டுக்குப் போகும் வேன் வந்தது. மற்றவர்கள் பக்கத்து அறையில் சாம்பார் சாதம் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் கோட்டுகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோட்டை எடுத்தபோது உறையை உருவிவிட்டு ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். என் உயரம்தான் என் மகளும். கை சரியாக மணிக்கட்டில் நின்றது. அரங்கில் மின்விசிறி இல்லை, வேர்த்துக் கொட்டியது. கழற்றினேன். சாக்கில் போடவில்லை. என் கட்டைப்பையில் டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் மேலே மடித்து வைத்து, பையை டோக்கன் மேசைக்கு அடியில் தள்ளினேன். பிறகு சாக்கின் வாயைக் கட்டி, டிரைவரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன்.

மலையில் பத்துப் பேருக்குக் கிடைக்கப் போகிறது, பதினோராவது ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். இத்தனை நாள் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறேன் என்றும் நினைத்தேன். ஆயாம்மாவை நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் ஞாபகம் வரவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மூன்று மணிக்கு மேல் ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிந்துபூந்துறைக்காரி என்று டோக்கனில் இருந்தது. அரிசி, பாய், பாத்திரம் எல்லாம் முந்தின நாளே வாங்கியிருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காமல் பைய கேட்டாள்.

“டீச்சர், குளிருக்குப் போடுத மாதிரி தடியா ஏதும் வந்திருக்கா?”

“பிள்ளைக்கா?”

“எங்க வீட்டுல அவுகளுக்கு. கிட்னி ரெண்டும் போயிட்டு. வாரத்துக்கு மூணு நாள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில டயாலிசிஸ் பண்ணுதாக. ஏசி ரூம்ல நாலு மணி நேரம் கெடக்கணும். ஒடம்பு உதறு உதறுன்னு உதறும். ஒரு கம்பளி வச்சிருந்தோம், அது தண்ணியோட போயிட்டு.”

பெட்ஷீட் இருக்கிறது, தருகிறேன் என்றேன்.

“அது குடுத்துட்டீக டீச்சர், ரெண்டு. போத்துனா சரிஞ்சி விழுந்துருது. ஒரு கையில ஊசி குத்தியிருக்கும்லா, அசைக்கப்பிடாது. முன்பக்கம் தொறந்த மாதிரி ஜெர்கின், கோட்டு ஏதும் இருந்தா ஒரு கைய மட்டும் உள்ள விட்டுட்டு மேல போட்டுக்கிடலாம். வடக்க இருந்து கோட்டு வந்திருக்குன்னு எங்க தெருவுல சொன்னாக.”

என் காலில் அந்தப் பை இடித்துக்கொண்டிருந்தது. நான் நோட்டைப் புரட்டினேன். புரட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

“எல்லாம் மத்தியானந்தான் எஸ்டேட்டுக்குப் போச்சும்மா. இப்பம் ஒண்ணும் இல்லையே” என்றேன்.

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். “சரி டீச்சர், பரவாயில்ல” என்றாள். நான் எழுந்து போய், பிள்ளைகளுக்கென்று வைத்திருந்ததில் தேடி, ஒரு கம்பளிக் குல்லாயை எடுத்து வந்து கொடுத்தேன். நீல நிறம், உச்சியில் நூல் பந்து வைத்தது. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டிருக்கலாம். ஒன்று மிச்சம் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவரின் டோக்கனை வாங்கி அடுத்த பெயரை எழுதினேன்.

வீட்டில் கோட்டைக் காட்டியபோது மகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று, தொப்பியை இழுத்து விட்டுச் சிரித்தாள். “ஏம்மா, எங்க வாங்குன?” என்றாள். எங்கள் பள்ளி டீச்சர் ஒருத்தியின் தங்கை டெல்லியில் இருக்கிறாள், அவள் போடாமல் வைத்திருந்ததைக் கொடுத்தாள் என்றேன். என் வீட்டுக்காரர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல சரக்கு. ஒரு வேலை முடிஞ்சிது” என்றார். மிச்சமான பணத்தில் அவளுக்கு நல்ல ஷூ வாங்கினோம்.

புது வருஷத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். சிறு வயதிலிருந்து சொல்கிறேன், நாக்கு அதன் பாட்டுக்குப் போகும். அன்றும் அப்படித்தான் போயிற்று. சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில் வெள்ளத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி சொன்னார். முன்வரிசையில் இருந்த அண்ணாச்சியின் மனைவி திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

மகள் போய்ச் சேர்ந்து நான்காம் நாள் ஒரு படம் அனுப்பினாள். பேருந்து நிறுத்தத்தில் முழங்கால் வரை பனி. பச்சைக் கோட்டுக்குள் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. ‘இது இல்லேன்னா செத்தேம்மா. அந்த ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு’ என்று கீழே எழுதியிருந்தாள். சொல்லிவிட்டேன் என்று பதில் போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது வாசல் பக்கம் பஸ் நிறுத்தத்தில் அந்தச் சிந்துபூந்துறைக்காரியும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயில். அவர் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் பெட்ஷீட்டைச் சுற்றி, தலையில் நூல் பந்து வைத்த அந்த நீலக் குல்லாயோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கையால் வாயை மூடிக்கொண்டு போனார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் எதிர்ப்பக்கமாகச் சாலையைக் கடந்து ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வடக்கு ரத வீதிக்குப் போய்த் தேடி, முன்பக்கம் ஜிப் வைத்த கம்பளி ஜெர்கின் ஒன்றும் கனமான கம்பளிப் போர்வை ஒன்றும் வாங்கினேன். டோக்கன் நோட்டில் முகவரி இருந்தது. சாயங்காலம் சிந்துபூந்துறைக்குப் போனேன்.

ஒற்றை அறை வீடு. சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை, கோடு போட்ட மாதிரி. அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். நான் பையை நீட்டினேன்.

அவள் பிரித்துப் பார்த்தாள். ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். “விலைச் சீட்டுகூட கிழிக்கல. கடையில வாங்குனதாக்கா?” என்றாள். அதுவரை டீச்சர் என்றவள் அப்போதுதான் முதன்முதலாக அக்கா என்றாள்.

“அன்னைக்கு நீங்க கேட்டு இல்லன்னு சொல்லிட்டேன். மனசுல கெடந்துக்கிட்டே இருந்துது.”

“அதுக்கு நீங்க என்னக்கா செய்வீக. அன்னைக்குக்கூட ஒரு கோட்டு ஒங்க பையில இருந்துது. பச்சைக் கலர்ல கை மட்டும் வெளிய தொங்கிச்சி. யாருக்கோ குடுக்கணும்னு வாக்குக் குடுத்து வச்சிருப்பீகன்னு நெனச்சேன்.”

என் முகம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. “பார்த்தீங்களா? அப்பம் கேட்டிருக்கலாமே” என்றேன்.

“இல்லன்னு சொன்ன பெறவு எப்படிக் கேக்க? ஒங்களுக்குச் சங்கடமாயிரும்லா. பின்னால அவ்வளவு பேரு நிக்காக.” அவள் ஜெர்கினை மடித்தாள். “என்னவிட கஷ்டப்பட்ட ஆளுக்குத்தான் வச்சிருந்திருப்பீக.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். “ஆமா, ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருந்தேன்” என்று வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு டீ போட எழுந்தாள். டம்ளர் சுட்டதால் சேலைத் தலைப்பில் பிடித்து அந்த டீயைக் குடித்து முடித்தேன். இரண்டாவது பொய்க்கு முதல் பொய்யில் இருந்த தடுமாற்றம்கூட இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளி விடுமுறை. அவர் உள்ளே இருக்கும் நாலு மணி நேரமும் அவள் வெளியே நடைபாதையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். நான் போனால் வீட்டுக்குப் போய் ஒரு வாளி துணி துவைத்துவிட்டு வருவாள். மருந்துச் சீட்டுகளை அடுக்கி ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தேன். ஏதாவது விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் எழுதினேன். நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் மற்றவர்களிடம், “எங்க அக்கா மாதிரி” என்று சொல்லும்போது மறுக்கவும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, அவள் தூரத்தில் இருந்தாள், என்னை விட்டுவிட மாட்டாள். அதனால் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று, “ஏட்டி, இருக்கியா?” என்று கேட்டேன்.

“இருக்கேன்.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “இங்க இன்னைக்கு மைனஸ் பதினெட்டும்மா. இன்னும் பத்து நிமிஷத்துல நான் வேலைக்குப் போகணும். இதைப் போடாம வெளிய கால் வைக்க முடியாது. நீ இப்ப இதை எதுக்கு எங்கிட்டச் சொல்லுத?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அந்த ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லுன்னப்ப, சொல்லிட்டேன்னியே” என்றாள். “எல்லார்ட்டயும் அம்மா வெள்ளத்துல எப்படி வேலை செஞ்சான்னு சொல்லிட்டுத் திரியுதேன் நான்.”

“நீ அதைக் கழட்டிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோ. பணம் அனுப்புதேன்.”

“வேற வாங்குனா சரியாயிருமா?” என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, “அந்தம்மாகிட்டச் சொன்னியா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அவங்ககிட்டச் சொல்லாம எங்கிட்டச் சொல்லி என்ன?” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முடியும் வரை அவள் அந்தக் கோட்டைத்தான் போட்டாள், வேறு வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம்கூட அனுப்பவில்லை. ஒருத்திக்குக் கிடைக்க வேண்டியதை எடுத்தேன், இன்னொருத்திக்குக் கொடுத்ததையும் கெடுத்தேன்.

அவளிடம் சொல்வதற்கு மே மாதம் ஆயிற்று. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். டயாலிசிஸ் அறைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். வெளியே தகித்தது. உள்ளே அவர் நான் வாங்கிக் கொடுத்த ஜெர்கினை ஒரு கையில் மட்டும் மாட்டி, மேலே போர்வை போட்டுப் படுத்திருப்பது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் கொண்டைக்கடலைச் சுண்டலைக் காகிதத்தில் பாதியாகப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

“அந்தப் பச்சைக் கோட்டு” என்று ஆரம்பித்தேன். “யாருக்கும் வாக்குக் குடுத்து வச்சிருக்கல. எம் பொண்ணு வெளிநாட்டுக்குப் போனாள்லா, அவளுக்கு எடுத்துக்கிட்டேன். நீங்க கேட்டப்ப எங்கிட்டதான் இருந்துது. பிப்ரவரில நீங்க சொன்னப்பவும் பொய்தான் சொன்னேன்.”

அவள் வாயில் போட்ட சுண்டலை மென்று முடித்தாள். காகிதத்தை மடித்தாள். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் காலியான ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார், நாங்கள் இருவரும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டோம்.

“ஒங்க பொண்ணுக்கா” என்றாள்.

“ஆமா.”

“அவளுக்கு வாங்கிக் குடுக்க வசதி இல்லியா?”

“இருந்துது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சற்று நேரம் கழித்து, “அன்னைக்கு ராத்திரி அவுகளுக்கு உதறல் எடுத்து, ரெண்டு பக்கத்து வீட்டு ஆளுக வந்து அமுக்கிப் பிடிச்சிக்கிட்டாக” என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவுககிட்ட இதச் சொல்லிராதீக டீச்சர். ஒங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்காக.”

டீச்சர் என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பெஞ்சில் இடம் விட்டுத் தருவாள். நான் இருக்கும்போது வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து வருவாள். உள்ளே இருந்து வெளியே வரும் அவள் கணவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, “டீச்சரம்மா, ஒங்களால எங்களுக்கு எவ்வளவு ஒத்தாசை” என்பார். அவள் அப்போது அவருடைய செருப்பைக் குனிந்து தேடிக்கொண்டிருப்பாள். மகள் அடுத்த குளிருக்கு முன்பே தன் சம்பளத்தில் வேறு கோட்டு வாங்கிக்கொண்டாள். பழையதை அங்கே துணி சேகரிக்கிற இடத்தில் சலவை செய்து கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். சரி என்றேன்.

போன வாரம் பயணச் சலுகைக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலைத் தொடை மேல் வைத்து எழுதினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்தால், எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிடுவாள். இந்த முறை தாளை வாங்கி, வெளிச்சம் வருகிற பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அது என்ன வார்த்தை என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் பேனாவை மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.